நீ சொல்லிக் கொடுத்த 'இருக்கலாம்'

அன்புள்ள தம்பிக்கு,

சித்தி எழுதுகிறேன். முதலில் மன்னித்துக்கொள். பக்கம் பக்கமாகக் கையால் எழுதி, அதைப் போட்டோ எடுத்து போனில் அனுப்புகிறவள் இந்தக் காலத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போனில் பேசலாம் என்றால் உன்னிடம் எனக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வராது, சாப்பிட்டியா, அங்கே குளிர் எப்படி, அவ்வளவுதான், மூன்றாவதுக்கு வாயைத் திறப்பதற்குள் சரி சித்தி அப்பாகிட்ட குடுங்க என்பாய், நானும் கொடுத்துவிடுவேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் இந்த வேலை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பெரிதுபடுத்திப் பார்த்துக்கொள், போட்டோதானே.

இங்கே அனைவரும் சுகம், அங்கே உன் சுகம் அறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை, அதில் பாதியைத்தான் என்னால் எழுத முடிகிறது. நீ சுகமாக இரு, அது மனசாரச் சொல்கிறேன். இங்கே அப்பாவுக்குத் தோள்வலி, உன் தங்கை சுகமாக இருக்கிற மாதிரி நடமாடிக்கொண்டிருக்கிறாள், எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம் மட்டும்தான், அது இறங்கட்டும் என்று ஒரு வாரம் பார்த்தேன், இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போகிறது.

வீட்டு விஷயம் முதலில். அப்பாவின் வலது தோளை இன்னும் மேலே தூக்க முடியவில்லை, சட்டை போடும்போது முகத்தைச் சுளிக்கிறார், டாக்டரிடம் போகலாம் என்றால் ரெக்சின் சுருளைத் தூக்குகிறவன் எவனுக்குத்தான் வலிக்காது என்கிறார். பள்ளி வேன்களுக்கு சீட் உறை தைக்கிற ஆர்டர் வந்திருக்கிறது, கழற்றிய சீட்டெல்லாம் கடை வாசலில் வரிசையாகக் கிடக்கிறது, ஒவ்வொன்றின் இடுக்கிலும் பிள்ளைகள் செருகி வைத்த மிட்டாய்த் தாள், உடைந்த பென்சில், ஒன்றில் விழுந்த பால்பல் ஒன்றுகூட இருந்தது. கட்டிங் மாஸ்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, என் ஓட்டைப் பல்லுக்கு இது பொருந்துமா பாருங்க என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டினார். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றது, சமையலறைக் குழாய் ஆரம்பித்திருக்கிறது. நான் கண்ணாடி மாற்றிவிட்டேன். இதையெல்லாம் நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், போன வாரம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எந்த இடத்தில் வந்து விழுந்தது என்று உனக்குத் தெரிய வேண்டாமா.

அப்பாவின் போன் கடையில் எப்போதும் ஸ்பீக்கரோடு சேர்ந்தேதான் இருக்கும், பாட்டு அதில்தான் ஓடும், உனக்கும் தெரியும், நீதானே அந்த ஸ்பீக்கரை வாங்கிக் கொடுத்தாய். அன்றைக்கு அப்பா கையெல்லாம் பசை, நுரைமெத்தையை ஒட்டிக்கொண்டிருந்தார், பெரியவன் மெசேஜ் போட்டிருக்கான் என்று முட்டியாலேயே ஒரு தட்டு தட்டினார். ரெக்சின் அலமாரிக்கு மேலே இருந்து உன் குரல், பாட்டு ஓடிய அதே சத்தத்தில், கடை முழுக்கக் கேட்டது. அவளுக்கு இதெல்லாம் செட் ஆகாதுப்பா, நான் எவ்வளவு சொல்லிக் குடுத்தும் மண்டையில ஏறல, அந்த இங்கிலீஷ் பரீட்சையைத் திரும்ப எழுதுறேன்னு நின்னா விடாதீங்க, பேசாம இருக்கிற லேப்லயே இருக்கட்டும், இல்லாட்டி கடைக்கு வந்து பில் போடட்டும், ஏன், சித்தி டிகிரி முடிச்சிட்டு கடையில உட்காரலியா. இதைச் சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. மெஷினில் உட்கார்ந்திருந்தவர் காலை எடுத்துவிட்டார். மத்தியான ஷிஃப்டுக்குப் போகிற வழியில் அப்பாவுக்குச் சாப்பாட்டு அடுக்கைக் கொடுக்க வந்த உன் தங்கை, அந்த அலமாரிக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தாள். நான் பில் மேசையில். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவள் அடுக்கை மெதுவாக மேசையில் வைத்தாள், மேல் மூடி இறுக்கமா இருக்குப்பா, தோள் வலிக்கும், மாஸ்டரைத் திறக்கச் சொல்லுங்க என்றாள், பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டர்தான் கடைசியில், முதலாளி, பாட்டைப் போடுங்க, கத்தரிக்கோல் ஓடல என்றார்.

சித்தி டிகிரி முடித்துக் கடையில் உட்கார்ந்ததை நான் இங்கே பேச வரவில்லை. அதை விட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான், என் அம்மாவுக்கு என் பட்டத்தின் பெயரைக்கூடச் சொல்ல வராது, படிப்பு முடிச்சிருக்கா என்பாள், அதையே அவ்வளவு பெருமையாகச் சொல்வாள். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு, அவள் பள்ளிக்கூட பெல்ட்டைத் தானே மாட்டத் தெரியாத பிள்ளை. கடையில் பில் போட ஆள் இல்லை, உட்கார்ந்தேன். அது எனக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் அதை எடுத்து இன்னொருத்தியின் தலையில் குட்ட நீ யார்? பார், விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். போகட்டும்.

மண்டையில் ஏறவில்லை என்றாயே, ஏற்றியது என்ன என்று பார்ப்போம். சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் உட்காருவாள், லேப் கோட்டைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள், நீ அங்கே பல் தேய்த்துக்கொண்டோ பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டோ பேசுவாய். மே, மைட், குட், வுட், ஷுட், மஸ்ட் என்று இங்கிலீஷில் ஒரு கூட்டம் இருக்கிறதே, நம் 'லாம்', 'கூடும்', 'வேண்டும்' மாதிரி, மோடல் வெர்ப் என்பார்கள், அதுதான் உன் மந்திரம். அது இல்லாமல் ஒரு வாக்கியம்கூட வாயிலிருந்து வரக் கூடாது, அதைக் கேட்டால்தான் பரீட்சை வைக்கிறவர்கள் அசந்து போவார்கள், மதிப்பெண்ணை அள்ளிப் போடுவார்கள் என்றாய். அவள் ஒரு வாக்கியம் சொல்வாள், அதில் மைட் இருந்தால் பாயின்ட் என்பாய், இல்லாவிட்டால் ப்ச். அந்த ப்ச் இருக்கிறதே, அடுப்படியில் நின்று கேட்டுக் கேட்டு எனக்கே தோள் சுருங்கும். நீ ஊருக்குப் போனதிலிருந்து இந்த வீட்டுக்கு அனுப்பியதிலேயே அதிகமாக வந்து சேர்ந்தது அந்த ப்ச்தான். ஐ லிவ் நியர் த பஸ் டிப்போ என்றாள், ப்ச். ஐ மைட் லிவ் என்று மாற்றினாள், பாயின்ட். கையில் கரண்டியோடு நான் எட்டிப் பார்த்து, தம்பி, அவ அங்கேதானே இருக்கா, அதுல என்ன சந்தேகம் என்று கேட்டேன். உங்க காலத்து கிராமர் வேற சித்தி, இது பேட்டர்ன், நடுவுல குழப்பாதீங்க என்றாய். என் காலமாம், உனக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம்கூடக் கிடையாது. அவள் ஏன் எதற்கு என்று கேட்டபோதெல்லாம், டவுட் கேட்காத, ஃபாலோ பண்ணு என்றாய். கேள்வி கேட்காமல் படித்து எழுதுவதற்கு அது என்ன, ராணுவமா?

அவள் அப்படியே செய்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் செய்தாள். பேச்சுத் தேர்வு நடந்த அறையில் கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாராம். நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நான் பஸ் டிப்போ பக்கத்தில் வசிக்கலாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். வேலையா படிப்பா என்றதற்கு, நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கக்கூடும். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டு இவளுடைய அடையாள அட்டையை ஒரு தரம் பார்த்தாராம், முகத்தை ஒரு தரம் பார்த்தாராம். உடன்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார், எனக்கு ஒரு அண்ணன் இருக்கலாம் என்றாள். வீட்டுக்கு வந்து இதை அவளே சொல்லிக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன், விஷயம் கடைவரைக்கும் போய் மறுநாள் கட்டிங் மாஸ்டர் தம்ளரைத் தூக்கிப் பார்த்து, இது டீயாக இருக்கலாம் என்றார். அண்ணன் இருக்கலாம் என்று அவள் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம் தம்பி. இப்போது உன் மெசேஜைக் கேட்ட பிறகு, அந்த ஒரு பதிலையாவது அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாளோ என்று தோன்றுகிறது.

எழுத்துத் தேர்விலும் இதே கூத்து. ஒரு படம் கொடுத்து, எந்த வருஷம் எவ்வளவு தண்ணீர் செலவானது என்று விவரிக்கச் சொன்னார்களாம். கோடு மேலே ஏறுவது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அளவும் போட்டிருக்கிறது, இவள் ஏறியிருக்கக்கூடும், இறங்கியிருக்கக்கூடும் என்று பக்கம் நிறைய எழுதியிருக்கிறாள். குடியிருக்கும் கட்டடத்தின் மேலாளருக்குக் கடிதம் எழுதச் சொன்னதற்கு, மஸ்ட் போட்டால்தான் கெத்து என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, நீங்கள் வந்தாக வேண்டும், சரிசெய்தாக வேண்டும், பதில் சொல்லியாக வேண்டும் என்று வரிசையாக அடித்துவிட்டு வந்தாள். ஒழுகுகிற கூரைக்குப் புகார் எழுதச் சொன்னால் அடியாள் அனுப்பிய மிரட்டல் மாதிரி இருந்திருக்கும். பேச்சிலும் எழுத்திலும் அரை மதிப்பெண் குறைந்தது. அரைதான். வாசிப்பிலும் கேட்பதிலும் அவளுக்கு வேலை தருவதாகச் சொன்ன உன் ஊர் மருத்துவமனை கேட்டதைவிட அதிகமாகவே எடுத்திருக்கிறாள், அங்கே நீ சொல்லிக் கொடுக்க ஒன்றும் இல்லை, அதனால் தப்பித்தாள்.

என்னோடு காலேஜில் படித்த ஒருத்தி இப்போது இந்தப் பரீட்சைக்கு வகுப்பு எடுக்கிறாள். எனக்கு யாரிடமும் போய் நின்று பழக்கமில்லை, அவள் வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டுத் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன், இருந்தாலும் உன் தங்கை வீட்டில் எழுதிப் பழகிய தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். என் தோழி முதல் பக்கத்தில் சிரித்தாள், இரண்டாவது பக்கத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பொண்ணுக்கு பாஷை நல்லாத்தானே வருது, எதுக்கு இப்படி எல்லாத்துக்கும் பயந்து பயந்து சொல்றா, யாராவது அடிச்சு வளர்த்தாங்களா என்று கேட்டாள். எத்தனை தடவை மைட் வந்தது என்று யாரும் அங்கே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லையாம். அந்த இடத்துக்கு அது பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார்களாம். தெரிந்ததைத் தெரிந்த மாதிரி சொல்ல வேண்டும், தெரியாததை ஊகிக்கும்போது ஊகம் என்று காட்ட வேண்டும், ஒருவரிடம் கேட்கும்போது கேட்கிற மாதிரி இருக்க வேண்டும், அதற்குத்தான் அந்தச் சொற்கள். குடை நல்ல பொருள்தான், அதற்காகக் கூடத்துக்குள்ளேயும் விரித்துப் பிடித்துக்கொண்டு நடப்பார்களா என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் உன் தங்கையின் லேபுக்குப் போனேன், ஏதோ சாக்குச் சொல்லி, என் சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்று. நீ அவள் வேலை செய்கிற இடத்தைப் பார்த்ததில்லை. ஒரு நீள அறை, நடுவில் தடுப்பு, கை வைப்பதற்கு அகலமான பலகை போட்ட நாற்காலி, பக்கத்தில் பஞ்சும் ஊசியும் கலர் கலராக மூடி போட்ட டியூபும். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், ஊசி என்றால் நடுக்கம் போலிருக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. இவள் அவருடைய முழங்கைக்கு மேல் ரப்பரைக் கட்டிக்கொண்டே பேசுகிறாள், லேசா சுருக்குனு வலிக்கலாம் ஐயா, கையை மட்டும் இழுத்துடக் கூடாது, விரலை மடக்கிக்க முடியுமா, தலை சுத்துற மாதிரி இருந்தா உடனே சொல்லணும், பஞ்சை நான் பிடிச்சுக்கட்டுமா நீங்க பிடிச்சுக்கிறீங்களா. ஒரு சொல் அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. வலிக்கலாம் என்றாள், ஏனென்றால் சிலருக்கு வலிக்கும் சிலருக்கு வலிக்காது. இழுக்கக் கூடாது என்றாள், அதில் பேரம் கிடையாது. ரத்தம் எடுத்து முடித்ததும் டியூபில் பெயரை ஒட்டுவதற்கு முன்னால் அவர் வாயாலேயே பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அட்டையோடு ஒத்துப் பார்த்து, பிறகுதான் ஒட்டினாள். அந்த இடத்தில் வந்து சொல் தம்பி உன் பேட்டர்னை. இது உங்கள் ரத்தமாக இருக்கலாம் என்று எழுதி ஒட்டச் சொல். ஒரே நாளில் பாதி ஊருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

அங்கே ரத்தம் வைக்கிற குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, இங்கிலீஷில், உன் தங்கையின் கையெழுத்து. கதவு சரியாக மூடாமல் இருக்கிறது, இன்றைக்கே யாராவது வந்து பார்க்க முடியுமா, இப்படியே விட்டால் மாதிரிகள் கெட்டுப்போகலாம், அதுவரை கதவை அடிக்கடி திறக்கக் கூடாது என்று. நான்கு வரி, மெயின்டனன்ஸ்காரருக்கு. யாருக்கும் கோபம் வராது, யாரும் அலட்சியமாகவும் விட முடியாது. அவர் அன்றைக்கே வந்து சரிசெய்துவிட்டாராம், தாளை எடுக்கத்தான் மறந்துவிட்டார்கள். அதைப் படித்துக்கொண்டே நின்றேன், என் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. உன்னிடம் படிக்க உட்காருவதற்கு முன்பே இவளுக்கு இதெல்லாம் தெரியும். அதை அவளிடமிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு, மண்டையில் ஏறவில்லை என்று ஸ்பீக்கரில் சொல்கிறாய்.

இப்போது சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும்தான் உட்காருகிறோம். எனக்கு இங்கிலீஷ் எழுதினால் வரும், பேசினால் தொண்டையிலேயே நின்றுவிடும், அதனால் நான் வாத்தியார் இல்லை, நோயாளி. கையை நீட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன், அவள் அளவு நாடாவை என் கையில் கட்டிவிட்டு இங்கிலீஷில் பேச வேண்டும். முதல் நாள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் சர்க்கரை டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். போன் அங்கே இல்லை, இருந்தாலும் பார்த்தாள். டப்பாவை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன், இப்போது உன் அப்பாவுக்கு டீ போடும்போதெல்லாம் சாவி தேட வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு வந்தது பார். யூ மே ஃபீல் எ லிட்டில் பெயின், யூ மஸ்ட் கீப் யுவர் ஆர்ம் ஸ்ட்ரெய்ட், குட் யூ டெல் மீ யுவர் நேம், தடங்கலே இல்லாமல். நான் வேண்டுமென்றே முரண்டு பிடிக்கிற நோயாளியாக நடித்து, எழுந்து ஓடப் பார்த்தேன், யூ காண்ட் கோ, ஐ ஹாவ் யுவர் ஆர்ம் என்று பிடித்து உட்கார வைத்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் குரல் அவள் குரலாகவே இருந்தது.

ஆனால் அப்பா அசையவில்லை. அந்த மருத்துவமனை அவளுக்கான இடத்தை இன்னும் நிறுத்தி வைத்திருக்கிறது, அடுத்த தேர்வில் அந்த மதிப்பெண் வந்தால் போதும் என்று எழுதியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். அந்தத் தேர்வுக்குப் பதிவு செய்யத் திங்கட்கிழமைதான் கடைசி. அப்பாவிடம் அவள் இரண்டு முறை கேட்டுவிட்டாள், நான் ஒரு முறை கேட்டேன், நான் கேட்டதே அவருக்கு ஆச்சரியம். அவருக்குப் பெண்ணின் மேல் கோபம் ஒன்றும் இல்லை, அவளை நிமிர்ந்து பார்க்கவே கூசுகிறார். எனக்கு என்னம்மா தெரியும் இதைப் பத்தி, நான் தையல்காரன், பெரியவன் போயிருக்கான், பெரியவனுக்குத்தான் தெரியும், ஞாயித்துக்கிழமை பேசுறேன், அவன் என்ன சொல்றானோ அதுதான் என்கிறார். உன் வாயிலிருந்து வருகிறது எதுவானாலும் அவருக்கு அது கல்லில் வெட்டியது. அவர் அப்படி நினைப்பது உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த மெசேஜை அனுப்பினாய்.

ஒன்று கேட்கிறேன், நீ எத்தனையாவது முறையில் தேறினாய்? நீயும் முதல் முறை கோட்டை விட்டவன்தானே. அன்றைக்கு இந்த வீட்டில் யாராவது ஸ்பீக்கர் வைத்துப் பேசினார்களா? அப்பா என்ன சொன்னார், ஆனைக்கும் அடி சறுக்கும், அடுத்த தடவை பார்த்துக்கலாம்டா, போய்ச் சாப்பிடு என்றார். நீயும் சாப்பிட்டாய், நன்றாகவே சாப்பிட்டாய், நான்தானே பரிமாறினேன். உனக்கு மட்டும் ஆனை, அவளுக்கு என்ன, எறும்பா? அல்லது வேறு ஏதாவதா என்று நான் யோசித்துப் பார்த்தேன். அவள் வந்தால் உன் அறையில் தங்குவாள், உன் வீட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்று பார்ப்பாள், அது பிடிக்கவில்லையா? அல்லது இந்த வீட்டிலிருந்து வெளிநாடு போனவன் ஒருவன்தான் என்ற பெருமையில் பங்கு வைக்க மனசில்லையா? தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அது உன் பிரச்சினை, அதைப் பிறருடைய மண்டையின் மேல் போடாதே. நீ வேண்டுமென்று கெடுத்தாய் என்று நான் சொல்லவில்லை. நீ தினமும் நேரம் ஒதுக்கினாய், பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்லிக் கொடுத்தாய், அதையும் பார்த்தேன். சொல்லிக் கொடுத்தது தப்பு என்று தெரிந்ததும் தப்பை நீ வைத்துக்கொள்ளாமல் அவளிடம் தள்ளிவிட்டாய் பார், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

இவ்வளவு திட்டிவிட்டு வாழ்த்து எழுதுவது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனாலும் வாழ்த்தாமல் ஒரு கடிதத்தை மூட எனக்குத் தெரியாது. நல்லா இரு. வேலையில் உனக்கு மேலே இருப்பவர்கள் உன்னிடம் ப்ச் சொல்லாதவர்களாக அமையட்டும். வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டு ஓடாதே, உனக்கு அது ஒத்துக்கொள்ளாது, போன தடவை வந்தபோது கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, நான் கவனித்தேன், கேட்கத்தான் வாய் வரவில்லை. குளிர் காலத்தில் உனக்கு மூக்கடைக்கும், ஆவி பிடி. அப்பாவின் தோளுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல், நீ சொன்னால் கேட்பார், என் பேச்சு எடுபடாது. இந்தப் பக்கங்களை அப்பாவுக்கு அனுப்பி வைக்காதே. அனுப்பினாலும் எனக்குப் பயமில்லை என்று எழுத ஆசைதான், பயம் கொஞ்சம் இருக்கிறது.

இனிமேல்தான் நான் கேட்க வந்தது. இதுவரை படித்ததில், ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் அவளை எழுத விடுங்கள் என்று நீ சொல்ல வேண்டும், அதற்காகத்தான் சித்தி இவ்வளவு நீட்டுகிறாள் என்று நினைத்திருப்பாய். நானும் முதலில் அதைக் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். வேண்டாம். உன் சம்மதம் எனக்கு வேண்டாம். இன்றைக்கு நீ சரி என்று சொல்லி அவள் எழுதினால், நாளைக்கு எந்த ஊரில் வேலை, எந்த வீட்டில் அறை, யாரோடு பேசலாம் என்று ஒவ்வொன்றுக்கும் அப்பா உனக்குப் போன் போடுவார், நீயும் ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புச் சொல்வாய், அவள் ஸ்பீக்கருக்குக் கீழே சாப்பாட்டு அடுக்கோடு நின்றுகொண்டே இருப்பாள். அதனால் அப்பா கேட்கும்போது ஒன்றே ஒன்று சொல். என்கிட்ட கேக்காதீங்கப்பா, அவளைக் கூப்பிட்டு அவகிட்டயே கேளுங்க. இதைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடு. மீதியை அவள் பேசிக்கொள்வாள். இதை மட்டும் எனக்காகச் செய்வாயா, தம்பி?

உன் மேல் கோபமும் பாசமும் குறையாத,
சித்தி